புது ஊழியத்தை எப்போது தொடங்கலாம்?

வாசகர் கேள்வி:

ஐயா, எங்கள் சபை கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறது. பிளாட் வீடு ஒன்றில் ஜெபக்கூட்டமாகத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஞாயிறு ஆராதனைக்குப் பெரியவர்கள் 55 பேர், பிள்ளைகள் 20 பேர் வருகிறார்கள். பாஸ்டர் வாரநாளில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். செயற்குழுவில் ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன: பக்கத்துப் பிளாட் பிள்ளைகளுக்கு டியூஷன், வாலிபர் ஊழியம், முதியோர் இல்லம், தோட்டப்புற ஊழியம், ஆங்கில ஆராதனை. மூத்த சகோதரர் ஒருவர், "விசுவாசத்தோடு எல்லாவற்றையும் தொடங்குவோம். மெதடிஸ்ட் மிஷனரிகள் வந்த மறுவருடமே பள்ளிக்கூடம் தொடங்கவில்லையா?" என்கிறார். பொருளாளர், "சொந்தக் கட்டடம் வரட்டும், நூறு பேர் சேரட்டும்" என்கிறார். நான் செயலாளர். சண்டே ஸ்கூலும் நான்தான் பார்க்கிறேன், ஞாயிறு சாப்பாடும் என் பொறுப்பு. அதனால் இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். எதை, எப்போது தொடங்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஐந்து ஊழியங்களைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. செயலாளர், சண்டே ஸ்கூல் டீச்சர், ஞாயிறு சமையல், மூன்றும் ஒரே ஆள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

புது ஊழியம் தொடங்க நினைக்கும் சபைகள் பெரும்பாலும் "தேவை இருக்கிறது" என்பதைத்தான் காரணமாகச் சொல்லும். தேவை எங்கே இல்லை? உங்கள் கடைவீட்டிலிருந்து கீழே இறங்கி நடந்தால், டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளையும், பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கும் தாத்தாவும், வேலை இழந்து கடனில் இருக்கும் அப்பாவும் ஒரே பிளாட்டில் கிடைப்பார்கள். தேவையை வைத்து முடிவெடுத்தால் நாளைக்கே பத்து ஊழியம் தொடங்க வேண்டும். பணத்தை வைத்து முடிவெடுத்தால் பத்து வருடமானாலும் ஒன்றும் தொடங்க முடியாது. நான் பார்ப்பது ஆளை. யாரும் சொல்லாமலேயே அந்த வேலையைச் சின்ன அளவில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒருவர் சபையில் இருக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத வாரம் எடுத்து நடத்த இன்னொருவர் வேண்டும். இப்போது அவர் கையில் இருக்கும் சபை வேலையை வேறு யாராவது வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடி வந்தால் தொடங்கலாம். மூன்றாவதைத்தான் எல்லாச் சபைகளும் விட்டுவிடுகின்றன.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பெரிய தாள் ஒன்றை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் திறப்பதிலிருந்து திரும்பப் பூட்டுவதுவரை நடக்கும் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். நாற்காலி போடுவது, மைக் செட், கீபோர்ட், புரொஜெக்டரில் பாட்டு வரிகள், வாசலில் நிற்பது, சண்டே ஸ்கூல், காணிக்கை எண்ணுவது, சாப்பாடு, பாத்திரம், கழிவறை, இரண்டு மாடி ஏற முடியாத பாட்டியைக் கைபிடித்து அழைத்து வருவது. வாரநாளில் நடக்கும் வீட்டு ஜெபம், உபவாச ஜெபம், ஆஸ்பத்திரி சந்திப்பு ஆகியவற்றையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆளின் பெயர். 55 பேர் வருகிற சபையில் ஏழெட்டுப் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். அந்த ஏழெட்டுப் பேர்தான் செயற்குழுவிலும் உட்கார்ந்து ஐந்து புது ஊழியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு சபையில் இப்படி எழுதச் சொன்னபோது, ஒரு தம்பியின் பெயர் ஆறு இடத்தில் வந்தது. கீபோர்ட் அவர்தான், மைக் செட் அவர்தான், வேன் ஓட்டுவதும் அவர்தான். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. சனி இரவு ஷிப்ட் விழுந்தால், காலையில் தொழிற்சாலை உடுப்போடு நேராக வந்து வேன் சாவியை வாங்குவார். அவரைத்தான் வாலிபர் ஊழியத்துக்குத் தலைவராகப் போடுவதாக இருந்தார்கள். தாளைப் பார்த்ததும் முதலில் பேசியது அவர் மனைவி. "இவர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று அதையும் ஒரு ஓரத்தில் எழுதுங்கள் பாஸ்டர்" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. அந்தச் சபை வாலிபர் ஊழியத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தது. அதற்குள் வேனுக்கு இரண்டு பேரைப் பழக்கினார்கள், கீபோர்டுக்குப் பள்ளி படிக்கும் ஒரு பெண்ணைப் பழக்கினார்கள். பிறகு அந்தத் தம்பி வாலிபர்களோடு உட்கார்ந்தபோது அவருக்கு அவர்களோடு பேச நேரம் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த ஒரு வருடத்தில் அவர்கள் செய்ததுதான் வாலிபர் ஊழியத்தின் முதல் வேலை.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை உங்கள் குழு ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பது நல்லது. எருசலேம் சபையில் பந்தி விசாரிப்பு, அதாவது விதவைகளுக்குத் தினமும் உணவு கொடுக்கும் வேலை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு வந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலரும் "அதையும் நாங்களே பார்க்கிறோம்" என்று இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. "பொறுங்கள், ஜெபிப்போம்" என்று தள்ளிப்போடவும் இல்லை. உங்களுக்குள்ளேயே நற்சாட்சியுள்ள ஏழு பேரைப் பாருங்கள் என்று சபையிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய வீட்டு விதவைகள் பசியோடு இருந்தார்களோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பந்தியில் யார் விடுபட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் சபையில் ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொல்பவர் யாராவது இருந்தால், "குறை சொல்கிறார்" என்று ஒதுக்குவதற்கு முன்னால், அந்த ஊழியத்துக்கான ஆள் அவர்தானோ என்று ஒருமுறை பாருங்கள்.

சரி, மூத்த சகோதரர் சொன்ன மிஷனரி விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மைதான். மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்டம் 1885-ல் சிங்கப்பூருக்கு வந்தார், 1886-ல் அமோய் தெருவில் ஒரு கடைவீட்டில் 13 மாணவர்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு 1891-ல் பினாங்கிலும் 1897-ல் கோலாலம்பூரிலும் மெதடிஸ்ட் பள்ளிகள் வந்தன. ஆனால் அந்த முதல் வருடத்தில் நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். ஓல்டம் சீன வணிகர்களின் சங்கம் ஒன்றில் வானசாஸ்திரம் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட ஒரு வணிகர் தனக்கு ஆங்கிலம் சொல்லித்தரும்படி கேட்டார். வகுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது, பள்ளிக்கூடம் அப்புறம் வந்தது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவரும், படிக்க வேண்டும் என்று தாங்களே கேட்டவர்களும் முதலில் இருந்தார்கள். ஊழியமே முழுநேர வேலையாக இருந்த ஒருவர், பின்னால் தாங்கும் ஒரு மிஷன், இரண்டும் இருந்தன. உங்கள் பாஸ்டர் வாரநாளில் கார் ஓட்டிவிட்டுப் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர். இதைச் சொல்வதால் மூத்த சகோதரரின் விசுவாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் ஆண்டவர்தானே. செலவு என்றால் மூத்த சகோதரர் பணத்தைத்தான் நினைப்பார், ஆட்களின் சனிக்கிழமைகளையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

பொருளாளரின் எச்சரிக்கை எனக்குப் புரிகிறது. மாத வாடகை தேதி வரும்போது கணக்குப் புத்தகத்தோடு தனியாக உட்காருபவர் அவர்தான். ஆனால் கட்டடமும் நூறு பேரும் வரும்வரை காத்திருந்தால் வேறொரு கெடுதல் நடக்கும். வருகிறவர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் படிந்த பிறகு நூறு பேர் வந்தாலும் உங்கள் தாளில் அதே எட்டுப் பெயர்தான் இருக்கும். அந்தியோகியா சபைக்குச் சொந்தக் கட்டடம் இருந்ததாக எங்கேயும் இல்லை. பர்னபாவும் சவுலும் ஒரு வருடம் முழுக்க அங்கே உபதேசித்தார்கள். பஞ்சம் வரப்போகிறது என்று தீர்க்கதரிசி அகபு சொன்னதும், அந்தச் சபை அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பியது. அவரவர் திராணிக்குத் தக்கதாக என்ற அளவு உங்கள் பொருளாளருக்கே பிடிக்கும்.

இனி உங்கள் ஐந்து யோசனைகள். அதற்கு முன்னால், உங்கள் பட்டியலில் இல்லாத ஆறாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 20 பிள்ளைகளோடு நீங்கள் ஒருவராக ஓர் அறையில் இருக்கிறீர்கள். முதலில் சரி செய்ய வேண்டியது இது. அதுவும் சமையல் பொறுப்பு இருக்கிற நாளில், குழம்பைப் பார்க்க நீங்கள் பாதியில் எழுந்து போனால் அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், கதவு திறந்து அல்லது கதவில் கண்ணாடி வைத்து. யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர்ப்பட்டியல் ஒன்று வேண்டும். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் நம் நாட்டில் 2017-ல் வந்தது. அப்படி ஒரு குற்றம் தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம். "சபை விஷயம், உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்பதற்கு இதில் இடமே கிடையாது. காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், உதவிக்கு அரசின் தாலியான் காசே 15999 எண்ணையும் அழைக்கலாம் என்பது உங்கள் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். நான்கு ஆசிரியர்கள், இரண்டிரண்டு பேராக மாறி மாறி. இது அமையும்வரை பிள்ளைகளை வைத்துச் செய்யும் வேறு எந்த ஊழியத்தையும் தொடங்காதீர்கள். டியூஷனும் அதில் அடங்கும்.

ஐந்தில் எனக்கு நம்பிக்கை தருவது டியூஷன்தான். அதைச் செய்யும் ஆள் உங்கள் சபையில் ஏற்கெனவே இருக்கக்கூடும். ஆராதனை முடிந்ததும் யாரிடம் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கவனியுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம், கல்லூரி படிக்கும் பெண்ணாக இருக்கலாம். கிடைத்தால் அவரிடம் மூன்று மாதம் மட்டும் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு பாடம், ஒரு வயதுக் குழு. முடியும் தேதியை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று பேசும்போது யாருக்கும் அவமானம் இருக்காது. முடிவுத் தேதி இல்லாமல் தொடங்கினால், களைத்துப்போன ஒருவர் நிறுத்துவதற்கு வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டே போவார்.

டியூஷனில் இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, 1996 கல்விச் சட்டம். சமயப் போதனை மட்டும் நடக்கும் இடம் அந்தச் சட்டத்துக்குள் வராது, அதனால் சண்டே ஸ்கூலுக்குப் பிரச்சினை இல்லை. கணக்கும் ஆங்கிலமும் தொடர்ந்து சொல்லிக்கொடுத்தால் பதிவு கேள்வி எழும். கட்டணம் வாங்கவில்லை என்பதாலேயே விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய், நாங்கள் இத்தனை பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யப்போகிறோம் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டாவது, பிளாட் பிள்ளைகள் எல்லாச் சமயத்திலிருந்தும் வருவார்கள். இது பாட வகுப்பு, சபை நடத்துகிறது என்பதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பாட நேரத்தில் பாடம் மட்டும் நடக்கட்டும். முஸ்லிம்களிடம் வேறு சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது, அதன்படி பல மாநிலங்களில் சட்டங்களும் இருக்கின்றன என்பதை உங்கள் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். சட்டத்தைத் தாண்டியும் சொல்கிறேன், டியூஷன் என்று சொல்லி அழைத்துவிட்டு வேறொன்று செய்தால் ஓர் இந்துத் தாய் அடுத்த வாரம் பிள்ளையை அனுப்ப மாட்டார். அவர் அப்படிச் செய்வது நியாயமும்கூட.

முதியோர் இல்லம் இப்போது வேண்டாம். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிக்கப்படும் இடம் சமூகநல இலாகாவில் பதிவாக வேண்டும். தீயணைப்புப் படை, சுகாதார அலுவலகம், நகராண்மை எல்லாரும் வந்து பார்ப்பார்கள். அதையெல்லாம் கடந்தாலும், விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கை நனைந்த ஒரு தாத்தாவைத் தூக்கி உடுப்பு மாற்ற ஆள் வேண்டும், ஒவ்வோர் இரவும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் இபிஎப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கட்ட வேண்டும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவருக்கு முதியவர்கள் மேல் உண்மையான பாரம் இருக்கிறது என்றால், அந்தப் பாரத்தை வீணாக்காதீர்கள். பிளாட்டில் தனியாக இருக்கும் நான்கு முதியவர்களின் பெயரை அவரிடம் கொடுங்கள். அவரும் இன்னொருவரும் வாரத்தில் ஒருநாள் போகட்டும், மருந்து தீர்ந்துவிட்டதா பார்க்கட்டும், கிளினிக் தேதிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், கஞ்சி வைத்துக் கொடுக்கட்டும். அதற்குப் பதிவும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். இரண்டு வருடம் கழித்தும் அவர் போய்க்கொண்டிருந்தால் அப்போது பேசுவோம்.

வாலிபர் ஊழியத்துக்கு, முதலில் வாலிபர்களைத் தாளில் ஏற்றுங்கள். புரொஜெக்டர், நாற்காலி, வரவேற்பு, சண்டே ஸ்கூல் துணை ஆசிரியர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேலை கொடுத்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொண்டிருக்க மாட்டான், ஒன்பது மணிக்கு வந்து நிற்பான். மாதம் ஒருமுறை யாராவது ஒரு குடும்பம் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டால் இப்போதைக்குப் போதும்.

தோட்டப்புற ஊழியத்தைப் பொறுத்தவரை, நீங்கள் போக நினைக்கும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் யாராவது உங்கள் சபையில் இருக்கிறாரா? இருந்தால் அவரோடு முதலில் ஒருமுறை போய், அங்கே ஏற்கெனவே ஊழியம் செய்யும் சபை எது என்று பார்த்து, அந்தப் பாஸ்டரிடம் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரத்துக்கு வந்துவிட்டன. ஒருவேளை நீங்கள் தேடும் தோட்டத்து ஜனங்கள் செந்தூல் பிளாட்டிலேயே இருக்கலாம்.

ஆங்கில ஆராதனை என்பது இன்னொரு சபையையே தொடங்குவதற்குச் சமம். இன்னொரு பிரசங்கி, இன்னொரு பாடல் குழு வேண்டும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறார்கள் என்றால், பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் போடுங்கள், பிரசங்கத்தின் முடிவில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். வேறொரு காரணத்தால் கேட்கிறார்கள் என்றால் அதை எனக்குத் தனியாக எழுதுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. எந்த ஊழியத்துக்கும் விசேஷ காணிக்கை எடுத்துத் தொடங்காதீர்கள். முதல் மாதச் செலவை உற்சாகம் கட்டிவிடும். பதினான்காம் மாதத்து மின்கட்டணத்தையும் போட்டோஸ்டாட் செலவையும் மாதாந்தரக் காணிக்கைதான் கட்ட வேண்டும். வாடகை போக மிஞ்சும் தொகையில் அது அடங்குமா என்று பொருளாளரைக் கேளுங்கள். அவர் "அடங்கும்" என்று சொன்னால் நம்பலாம்.

கூட்டத்தில் இந்த ஐந்துக்கும் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். வாக்கெடுத்தால் மூத்த சகோதரர் பக்கம், பொருளாளர் பக்கம் என்று சபை இரண்டாகும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, எல்லாரும் பார்க்கக் கொஞ்ச நேரம் விடுங்கள். பாஸ்டரின் மனைவியையும் அன்று அழைத்து உட்கார வையுங்கள். புது ஊழியம் ஒவ்வொன்றும் முதலில் அவர்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். "அம்மா, உங்கள் வீட்டுக்கு இது தாங்குமா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். இதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு காரியமும் உண்டு, அது உங்களுக்கு மட்டும். ஞாயிறு சாப்பாட்டை யாரிடம் கொடுக்கலாம் என்று இந்த வாரமே பாஸ்டரிடம் பேசிவிடுங்கள். நான்கு குடும்பம் முறை வைத்து ஆளுக்கொரு ஞாயிறு எடுத்துக்கொள்ளலாம், முடியாத வாரத்தில் நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று வாரம் சாதம் குழையும், சாம்பாரில் உப்பு கூடும். நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போகாமல் பிள்ளைகளோடேயே உட்கார்ந்திருங்கள்.